சங்கம் வளர்த்த ஆம்பூர்

மதுரைக்கு மட்டும்தான் சங்கம் வளர்த்த பெருமை என்று யாராவது சொன்னால், அவர் ஆம்பூர் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். தோல் பதனிடும் டேனரி முதலாளிகளுக்கு ஒரு சங்கம், ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு ஒன்று, பச்சைத்தோல் வியாபாரிகளுக்கு ஒன்று, தொழிலாளிகளுக்குக் கொடிக்கு ஒன்று. இத்தனைக்கும் நடுவில், முதலாளியிடமும் தொழிலாளியிடமும் மாறி மாறித் திட்டு வாங்குவதையே உத்தியோகமாகக் கொண்ட இனம் ஒன்று உண்டு. அன்றைக்குப் பெர்சனல் ஆபீசர், வெல்ஃபேர் ஆபீசர், டைம் ஆபீஸ்காரர் என்று ஆளுக்கொரு பட்டம். இன்றைக்கு மொத்தமாக எச்.ஆர். எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது, இருக்கிறது. அதில் உறுப்பினராகச் சேர்ந்து, இணைச் செயலாளராகி, கடைசியில் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தவள் நான். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். இன்னும் அதே ஊரில்தான் காய்கறி வாங்குகிறேன்.

விதிமுறைப் புத்தகப்படி எங்கள் நோக்கம் இரண்டு. ஒன்று, வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டவர்களைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவது. இரண்டு, சமூகத் தொண்டு. எழுதப்படாத மூன்றாவது நோக்கம், மாதக் கடைசி சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு. முதல் இரண்டும் எப்படிப் போனாலும் மூன்றாவது மட்டும் கொரோனா வரும்வரை தடைபட்டதில்லை.

மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னையில் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியில் படித்துவிட்டு, 1980-களின் கடைசியில் ஒரு ஷூ கம்பெனிக்கு வெல்ஃபேர் ஆபீசராக வந்தேன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் வெல்ஃபேர் ஆபீசர் வைத்தே ஆகவேண்டும் என்றது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அதனாலோ என்னவோ, எங்கள் வட்டாரத்தில் சில கம்பெனிகள் 490 பேரைத் தாண்டியதே இல்லை. கட்டடம் வளரும், கன்டெய்னர் எண்ணிக்கை வளரும், மஸ்டர் ரோல் மட்டும் விரதம் இருக்கும். என்னுடைய முதலாளி அந்த விஷயத்தில் நேர்மையானவர். முதல் நாளே கூப்பிட்டு, “சட்டம் ஒரு ஆள வைக்கச் சொல்லுது, வெச்சிட்டேன்மா. இன்னா வேலைன்னு நீயே பாத்துக்க” என்றார். அதைவிடத் தெளிவான நியமன உத்தரவு எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

ஷூ கம்பெனி என்பதே அப்போது இந்தப் பக்கத்துக்குப் புதுசு. அதற்கு முன்னால் டேனரிதான். ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்புக் குழி. குழியில் இறங்கி நிற்பவர்கள் ஆண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். பாதி பதனிட்ட தோலைக் கட்டி மெட்ராஸ் பெரியமேட்டுக்கு அனுப்பினால் அங்கிருந்து கப்பல் ஏறும். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டியின் பேச்சைக் கேட்டு, அந்த ஏற்றுமதிக்கு டெல்லி கடிவாளம் போட்டது. தோலாக விற்காதே, பொருளாகச் செய்து விற்றுக்கொள் என்றது. அப்படித்தான் ஷூவின் மேல்பாகமான அப்பர் வந்தது, அப்புறம் முழு ஷூ வந்தது, தைக்க மிஷின் வந்தது, மிஷினில் உட்காரப் பெண்கள் வந்தார்கள். பேரணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம், ஜோலார்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி வந்தார்கள்.

பெண்களுக்கு விரல் மென்மை, தையல் நேர்த்தியாக விழும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டார்கள். விரலின் மென்மையைவிடக் கூலியின் மென்மைதான் காரணம் என்பது சம்பளப் பட்டியலைக் கையில் வைத்திருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெண்களைத் தொழிலுக்குக் கொண்டுவந்ததில் சங்கத்தின் பங்கு என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை. அவர்களாக வந்தார்கள். வந்து உட்கார்ந்த பிறகு ‘மகளிரைத் தொழிலில் இணைத்த சாதனை’ என்று ஆண்டறிக்கையில் நாங்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டோம்.

நான் போன முதல் கூட்டத்தின் பொருள், ‘பெண் தொழிலாளர் பிரச்சினைகள்’. ஓட்டல் மாடியில் ஹால் நிறைய ஆண்கள். இந்தப் பொருளுக்கு ஏற்ற ஆள் நான்தானே என்று பேச எழுந்தேன். தலைவர் கையமர்த்தி, “மேடம், சீஃப் கெஸ்ட் கீழ வந்துட்டாரு, கொஞ்சம் சந்தனத் தட்டு...” என்றார். படியிறங்கிப் போய்ப் பன்னீர் தெளித்துவிட்டு வருவதற்குள் விவாதம் முழு வேகத்தில் இருந்தது. பெண்கள் வேலை நேரத்தில் பேசுகிறார்கள். கல்யாணம் ஆனால் நின்றுவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் போனால் திரும்புவதில்லை. பாத்ரூமுக்கு அடிக்கடி போகிறார்கள். மற்றதெல்லாம் விதி என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஒருவர் தீர்வு வைத்திருந்தார்: டோக்கன்.

லைனுக்கு இரண்டு பித்தளை வில்லை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். பசை நாற்றத்துக்கும் மிஷின் சூட்டுக்கும் தொண்டை வறளும். ஆனாலும் காலை டீயோடு தண்ணீரை நிறுத்திவிடுகிற பெண்கள் லைனுக்குப் பத்துப் பேராவது இருந்தார்கள். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்க வரிசை. ஒருத்தி என்னிடம், “டோக்கன் வர்ற வரைக்கும் அடக்கிகினு இருந்து பழகிப்போச்சு மேடம், இப்பல்லாம் ஞாயித்துக்கெழம வூட்லகூட யாராவது எதுனா சொல்வாங்களோன்னு கீது” என்றாள்.

டோக்கனை எடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அது ‘மேலும் ஆய்வுக்கு’ அனுப்பப்பட்டது. எங்கள் சங்கத்தில் ஆய்வு என்பது பீரோவின் கீழ்த்தட்டு.

சில வருஷம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ஷூ வாங்கும் ஒரு பையர் தன் ஆளை அனுப்பினார். சோஷியல் ஆடிட் என்றார்கள். அதுவரைக்கும் வந்த பையர்கள் தோலைத் தடவிப் பார்ப்பார்கள், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டு பெங்களூருக்குக் கார் ஏறுவார்கள். இந்தப் பெண்மணி தோல் பக்கமே திரும்பவில்லை. நேரே ஆணிக்குப் போய், இது என்ன என்றார். முந்திக்கொண்ட சூப்பர்வைசர், “லாக்கர் சாவி மேடம்” என்றார். சரி, லாக்கரைக் காட்டுங்கள் என்றார் அவர். மறுநாள் காலையில் சுவரில் ஆணி இல்லை. ஆணி இருந்த ஓட்டையும் சாயங்காலத்துக்குள் பெயின்ட்டில் மறைந்தது. வருஷக்கணக்காகக் கீழ்த்தட்டில் படுத்திருந்த தீர்மானம் ஒரே ராத்திரியில் நிறைவேறிவிட்டது. ‘சங்கத்தின் இடைவிடாத முயற்சியால்’ என்று ஆண்டறிக்கையில் தொடங்கும் வாக்கியத்தை எழுதும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. டோக்கனுக்குப் பதிலாக சூப்பர்வைசரின் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு முளைத்ததைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. ஆடிட்டிலும் யாரும் கேட்கவில்லை.

குழந்தைகள் காப்பகமும் இதே வழியில் வந்ததுதான். 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. எல்லாக் கம்பெனியிலும் அறை உண்டு, சுவரில் முயலும் யானையும் உண்டு, தொட்டில் உண்டு. தொட்டிலுக்குள் ஷூ பெட்டி அடுக்கியிருப்பார்கள். எந்தத் தாயும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை ஆறு மணி கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு வரமாட்டாள் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரியாது, அறையைக் கட்டியவருக்கு நன்றாகவே தெரியும். ஆடிட் தேதி வந்தால் கேன்டீன் அக்காவின் பேரனையும் வாட்ச்மேன் மகளையும் பிஸ்கட் கொடுத்துக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஒரு சிறுவன் இரண்டு வருஷத்தில் எங்கள் பகுதியின் மூன்று கம்பெனிகளில் காப்பகக் குழந்தையாக இருந்தான். அனுபவம் கூடக்கூட அவன் கேட்கும் பிஸ்கட்டின் தரமும் கூடிற்று. 2017-இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியபோது சட்டம் இன்னும் கறாரானது, 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும் என்றது. பஸ் மட்டும் அதே பஸ்தான்.

உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் வேலூர்க்காரர்களுக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்தத் தேவையில்லை. 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை என்பதை அந்த நோயாளிகளே அவருக்குச் சொன்னார்கள். உணர்ச்சி போன பாதத்தில் புண் வராமலிருக்க, மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பரை வைத்துச் செருப்புத் தைத்தது வேலூரிலும் 1955-இல் வந்த கரிகிரி ஆஸ்பத்திரியிலும் இருந்த பட்டறைகள். உலகத்துக்கே தோல் அனுப்பிய ஊர்களுக்குப் பக்கத்தில், யாருமே விலை கேட்காத அந்தச் செருப்பை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் தைத்தார்கள். 1954-இல் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் புனர்வாழ்வு மையத்தையும் உருவாக்கினார். காட்பாடியில் 1963-இல் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு பட்டறை போட்டது. தொழுநோய் குணமானவர்களை லேத்திலும் டிரில்லிங் மிஷினிலும் நிறுத்தியது. அதுதான் பின்னால் வொர்த் டிரஸ்ட் ஆனது. பார்வையற்றவர்கள் எழுதும் பெர்கின்ஸ் பிரெய்லர் இயந்திரம் அங்கே தயாராகிறது.

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1990-களில் ஒருமுறை சங்க உறுப்பினர்களை அந்தப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். எல்லாரும் உருகிவிட்டார்கள். குரூப் போட்டோ எடுத்தோம். திரும்பும்போது ஒரு பெர்சனல் மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நல்லா செய்யறாங்க மேடம், மனசுக்கு நிறைவா இருந்துச்சு. ஆனா நம்மது ஷூ கம்பெனி. கால் இல்லாதவங்கள அதுல வெச்சா அவங்களுக்கே கஷ்டமா இருக்காதா?” என்றார். அவருடைய இரக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலூர் மாவட்டத்தில் யாருக்கும் இரக்கத்தில் பஞ்சம் கிடையாது.

கடைசியில் ஒரு கம்பெனி, காது கேளாத பெண்கள் சிலரை ஸ்டிச்சிங்கில் எடுத்துக்கொண்டது. காரணம் சங்கத்தின் சுற்றறிக்கை இல்லை. அந்த சீசனில் ஆர்டர் குவிந்து ஆள் போதவில்லை. ஒரே மாதத்தில் அந்த லைன் மாறிப்போனது. யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். மிஷின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் நான்கு டேபிள் தாண்டி விரலாலேயே பேசினார்கள். பக்கத்து டேபிள் பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கற்றுக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள். எனக்கு, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. சூப்பர்வைசருக்கு, மீசையை முறுக்கி உடனே விரலைத் தொங்கவிடுவது. டார்கெட் எட்டவில்லை, மேனேஜர் வருகிறார், இன்றைக்கு ஓ.டி. உண்டு என்ற செய்தியெல்லாம் சத்தமில்லாமல் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். வேலை நேரத்தில் பேசுகிறார்கள் என்ற பழைய புகாருக்கு இனிமேல் சாட்சி கிடையாது. மீசை விஷயம் மட்டும் சூப்பர்வைசருக்குக் கடைசிவரை தெரியாது. தன்னைப் பார்த்ததும் எல்லாரும் மரியாதையாக ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

அந்தப் பெண்கள் இருக்கும் இடத்தில் தீ அலாரத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று ஆடிட்டில் கேட்டார்கள். சிவப்பு விளக்கு வாங்கி மாட்டினார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில். படிவத்தில் ‘உண்டு’ என்று டிக் விழுந்தது. இடத்தை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்களை விட, ஒரு நாள் சைகையில் அவர்கள் நடத்திய சண்டைதான் எலக்ட்ரீஷியனை ஏணியோடு வரவழைத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் கூடவே வளர்ந்தது. 1995-இல் ஒன்று, 2016-இல் இன்னொன்று. தனியார் கம்பெனிகளில் நூற்றுக்கு 5 பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கச் சலுகை தரவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. ‘பொருளாதார வரம்புக்கு உட்பட்டு’ என்று கூடவே ஒரு வாலும் உண்டு. நான் தலைவரான பிறகு, பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்டை வரவழைத்து வேலூர் ஓட்டலில் முழுநாள் பயிலரங்கு நடத்தினோம். உறுப்பினருக்குக் கட்டணம், மதியம் பஃபே. அந்த இளைஞர் திரையில் ஐரோப்பிய ஆலைகளின் படங்களாகக் காட்டி, இதையெல்லாம் நாம் ஸ்வீடனிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஸ்வீடன்காரர்கள் 1963-லேயே இங்கிருந்து சில கிலோமீட்டரில் வந்து இறங்கிவிட்டார்கள் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். பஃபே திறந்துவிட்டார்கள்.

சமூகத் தொண்டில் எங்களுக்கு முன்னோர்கள் பெரிய ஆட்கள். மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர், அவர் பெயரில் 1965-இல் கல்லூரி வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969. எல்லாம் தோல் காசும் சமுதாயக் காசும் சேர்ந்து எழுந்தவை. அந்தத் தலைமுறை மதம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது. பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் காட்டியது.

எங்கள் சங்கத்தின் தொண்டு சின்னது. சி.எம்.சி.க்கு ரத்ததானம், ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், கண் முகாம். செலவு போக மிச்சம் வந்தால் சாப்பாட்டில் ஒரு ஐஸ்கிரீம். 2014 ஏப்ரலில் புதிய கம்பெனிச் சட்டம் அமலாகி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று ஆனபோது நாங்கள் திடீரென்று முக்கியஸ்தர்கள் ஆனோம். எங்கே செலவிடுவது என்று கம்பெனிகள் எங்களைக் கேட்டன. பெரும்பாலும் ஒரே பதில்: ஆர்.ஓ. குடிநீர் பிளான்ட்.

அந்தப் பதிலுக்கு ஒரு முன்கதை உண்டு. டேனரிக் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பாழ் என்ற ஆய்வைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. மாசு செய்தவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழ ஊன்றிய வழக்கு என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் ஊரைப் படிக்கிறார்கள். டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இழப்பீட்டைக் கணக்குப் போட ஓர் ஆணையம். அந்தக் கணக்கு இன்னும் தீராமல், 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, மிச்சமிருப்பவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்ட காலத்தில் இளைஞர்களாக இருந்த விவசாயிகளுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள்.

நிற்க. பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் குடிநீர் பிளான்ட் திறப்புவிழாவுக்குத் தலைவர் என்ற முறையில் போனேன். பிளான்ட்டைவிடக் கம்பெனியின் பெயர்ப்பலகை உயரம். ரிப்பன் வெட்டி, முதல் சொம்புத் தண்ணீரை ஊரின் மூத்த பாட்டிக்குக் கொடுப்பது நிகழ்ச்சி நிரல். பாட்டி குடித்துவிட்டு, போட்டோக்காரர் காத்திருக்கும்போதே என்னைப் பார்த்து, “நல்லாத்தான் கீதும்மா. எங்க கெணத்துத் தண்ணியும் இப்பிடித்தான் இருந்துச்சி. அத்த யாரு வந்து தொறந்து வெச்சாங்க?” என்றது. கைதட்டல் பலமாக இருந்தது. கேள்வி மேடைக்கு எட்டவில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளூர் ஆட்கள் வர மறுத்த வேலைக்கு வந்தவர்கள், வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். எங்கள் சங்கத்து விதிமுறையில் ‘ஒதுக்கப்பட்டவர்கள்’ என்ற பட்டியலில் பெண்கள் இருந்தார்கள், மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். வடக்கிலிருந்து ரயிலேறி வந்தவன் அதில் இல்லை. அந்த மாதக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம்.

இப்போது காலம் தலைகீழ். ஆள் கிடைக்கவில்லை. செய்யாற்றில் தைவான் ஷூ கம்பெனி வந்து பல வருஷம் ஆகிறது. பனப்பாக்கத்தில் இன்னொரு தைவான் கம்பெனிக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். தோல் ஷூவோடு தோல் இல்லாத ஷூவுக்கும் சேர்த்து மாநில அரசு 2022-இல் கொள்கை வெளியிட்டது. படித்த பெண்கள் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று செல்போன் கம்பெனிகளுக்கு ஹாஸ்டலில் போய்விடுகிறார்கள். அன்றைக்குக் கல்யாணமானால் வேண்டாம், 30 தாண்டினால் வேண்டாம் என்றவர்கள், இன்றைக்கு 45 வயது அக்காவுக்குத் தனி பேட்ஜ் குத்தி ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ என்று வரவேற்கிறார்கள். கம்பெனி வாசலில் சக்கர நாற்காலி, புடவை, தாடி, பர்தா எல்லாம் கைகோத்து நிற்கும் பேனர். அதே முதலாளிகள்தான், மகன்கள் வந்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட வாரம், ஒரு கம்பெனியில் முதலில் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கேட்டது அந்த இரண்டாவது இன்னிங்ஸ் அக்காக்களிடம்தான். பேனர் நல்ல கனமான ஃப்ளெக்ஸ், மழைக்குத் தாங்கும் என்று கழற்றவில்லை.

சங்கத்துக்கு வந்த சோதனை வேறு மாதிரி. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது, ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. அடுத்த பொதுக்குழுவிலேயே, சங்கத்தையும் மூன்றாகப் பிரித்தால் என்ன என்று ஒரு தீர்மானம். மூன்று தலைவர், மூன்று செயலாளர். இத்தனை உற்சாகமாக உறுப்பினர்கள் கலந்துகொண்ட விவாதத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ‘மேலும் ஆய்வுக்கு’ அனுப்பினேன். பீரோச் சாவி அப்போது என்னிடம் இருந்தது.

என் தலைமையின் கடைசி வருஷத்தில் ஒரு பையர், வீட்டிலிருந்து கையால் அப்பர் தைக்கும் பெண்களில் ஒருவரோடு ஜூமில் பேச வேண்டும் என்றார். இவர்களைப் பற்றி வெளியூரில் அதிகம் தெரியாது. ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில், கம்பெனியில் வெட்டிய அப்பரை ஏஜென்ட் மொபெட்டில் மூட்டையாகக் கொண்டுவந்து வீடு வீடாகப் போடுவார். திண்ணையில் உட்கார்ந்து தடித்த ஊசியில் இழுத்து இழுத்துத் தைப்பார்கள், விரல் முழுக்க வெட்டு. ஜோடிக்கு இத்தனை என்று கூலி. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. அதனால் எங்கள் சங்கத்தின் பார்வையிலும் கிடையாது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளருக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது 1996-இல், எங்கள் பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே வருஷம். இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

யாரைப் பேச வைப்பது என்று கம்பெனி யோசித்து, பொறுப்பை ஏஜென்டிடம் விட்டது. அவர் புத்திசாலி. வெளியாள் எதற்கு வம்பு என்று தன் மனைவியையே கூட்டிவந்தார். நல்ல புடவை, தலை நிறையப் பூ, கணவர் பக்கத்து நாற்காலியில். மொழிபெயர்க்க நான். முதல் இரண்டு கேள்விக்கும், “எல்லாம் நல்லா கீது மேடம், ஒரு கொறையும் இல்ல” என்றார். ஏஜென்ட் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக, ஒரு ஜோடிக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பையர் கேட்டார்.

அந்த அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தைக்கிறவர். கைவிரலை மடக்கினார். கம்பெனி ஜோடிக்குக் கணவருக்கு என்ன தருகிறது, அதில் அவர் எவ்வளவு எடுத்துக்கொண்டு தெருப் பெண்களுக்கு என்ன கொடுக்கிறார், நூலுக்கும் ஊசிக்கும் எவ்வளவு பிடிக்கிறார், ரிஜெக்ட் என்று சொல்லிக் காசைக் குறைத்துவிட்டு அதே பீஸை எப்படிக் கம்பெனியில் பாஸ் செய்துவிடுகிறார், பொங்கலுக்குத் தரும் முன்பணத்தை எந்த மாசத்தில் எப்படிக் கழிக்கிறார் என்று வருஷவாரியாகச் சொன்னார். “எனக்கும் அதே ரேட்டுதாம்மா போடறாரு. பொண்டாட்டின்னு ஒரு பைசா கூடப் போட்டது கெடையாது. இத்த மட்டும் நல்லா எழுதிக்கச் சொல்லு அவங்கள.” நான் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னேன். இத்தனை வெளிப்படையான சப்ளை செயினைத் தான் பார்த்ததே இல்லை என்று பையர் நெகிழ்ந்துபோனார். கம்பெனி மேனேஜர் எழுந்து போய் ஏ.சி.யைக் கூட்டினார்.

ஏஜென்ட் அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டார். வரும் சித்திரையில் ரேட்டைப் பார்க்கலாம் என்று தெருவில் சொல்லியிருக்கிறாராம். எந்தச் சித்திரை என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.